பின்சீட்டுக்குக் கீழே சத்தமா? டேங்கைத் திறக்கவிடும் முன் இதைப் படியுங்கள்

கார் வைத்திருப்பவர்கள், அதிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தனியாக ஓட்டும் பெண்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். திருச்சியில் உள்ள ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் 15,550 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணத்தையாவது உழைத்துச் சம்பாதித்துவிடலாம். தேவையே இல்லாமல் பெட்ரோல் டேங்கைத் திறந்து, சரியாக மூடாமல் வண்டியைக் கையில் கொடுத்தார்கள். அந்த டேங்குக்கு மேலேதான் என் மகளும் மகனும் உட்கார்ந்து வந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

என்னுடையது 2018இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா தஞ்சாவூரில் தனியாக இருப்பதால் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு போய்வருவேன். சத்தத்தை முதலில் கண்டுபிடித்தவள் ஒன்பது வயது மகள்தான். பால்பண்ணை சிக்னலில் நிற்கும்போது, "அம்மா, என் சீட்டுக்கு அடியில் யாரோ தகர டப்பாவைக் குலுக்குகிறார்கள்" என்றாள். ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டேன். கிர்ர்ர் என்று ஒரு அதிர்வு. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் கூடியது, வேகம் எடுத்ததும் அடங்கிவிட்டது. அடுத்த சிக்னலில் மறுபடியும்.

வண்டி ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது. மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

கண்ணாடி அறை, ஏசி, காபி எல்லாம் உள்ள ஒர்க்‌ஷாப் அது. சூப்பர்வைசர் முதலில் கேட்டது, "சார் வரவில்லையா மேடம்?" வண்டியை ஓட்டுவது நான்தான் என்றேன். சத்தம் டேங்க் பக்கம் வருகிறது என்று சொல்லி முடிப்பதற்குள், "பெட்ரோல் பம்ப் போய்விட்டது" என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவில்லை, குனிந்து அடியில்கூடப் பார்க்கவில்லை. "இந்தச் சத்தம் வந்தால் எந்த நேரமும் நின்றுவிடும் மேடம். ராத்திரியில் ஹைவேயில் பிள்ளைகளோடு நின்றால் என்ன செய்வீர்கள்?" என்றார். பயந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

பம்ப் அசெம்பிளி 9,800, பெட்ரோல் ஃபில்டர் 1,450, டேங்க் கிளீனிங் 1,800, கூலி 2,500. மாலை ஐந்து மணிக்கு வண்டி தயார். பழைய பம்பைக் கேட்டதற்கு, "ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் மேடம், உங்களுக்கு அது எதற்கு?" என்று சிரித்தார்கள். வீடு திரும்பும் வழியில் அதே சிக்னலில் அதே கிர்ர்ர். போன் செய்தேன். "புது பம்ப் செட் ஆக நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும்" என்றார்கள். அப்படி ஒன்றும் கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். துவாக்குடி தாண்டும்போதே லேசாகப் பெட்ரோல் வாடை. பங்க்கில் கையில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாழவந்தான்கோட்டை டோல்கேட்டில் மகன் தலை வலிக்கிறது என்றான். செங்கிப்பட்டிக்கு முன்னால் மகள் வாந்தி எடுத்துவிட்டாள். ஓரமாக நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். பங்க்கில் குழாய் முனைக்குப் பக்கத்தில் நின்றால் எப்படி வீசுமோ அப்படி வீசியது. ஏசி போட்டுக் கண்ணாடிகளை ஏற்றிவைத்து, அந்தக் காற்றையே பிள்ளைகளைச் சுவாசிக்க வைத்திருக்கிறேன்.

அன்று நான் செய்த தவறு, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு மெதுவாகத் தஞ்சாவூர் வரை ஓட்டிப் போனது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாடை தெளிவாக வந்தால் எஞ்சினை நிறுத்துங்கள், பிள்ளைகளை இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள், மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள் அல்லது வண்டியை ஏற்றிச் செல்ல ஆள் கூப்பிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாது, சீட்டுக்கு அடியிலும் கால் வைக்கும் இடத்திலும் தங்கும். ஒரு தீப்பொறி போதும்.

அப்பாவுக்கு முப்பது வருடமாகத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு கொட்டகையில் வேலை பார்க்கிறார். வாடையைச் சொன்னதும் வண்டியைக் கொட்டகைக்குள் விடவே இல்லை. வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார். பக்கத்துக் கடையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. போய் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, நான்கு கதவுகளையும் திறந்துவைத்துக் கால்மணி நேரம் காத்திருந்த பிறகுதான் பின்சீட்டில் கைவைத்தார். "அவசரப்படாதே தங்கச்சி, இது அவசரப்படும் வேலை இல்லை" என்றார்.

சீட்டைத் தூக்கினால் கீழே ஒரு தகர மூடி. அதற்குள் டேங்கின் வாய். பெட்ரோல் பம்ப் அந்த வாய் வழியாகத்தான் டேங்குக்குள் இறங்கி நிற்கிறது. வாயைச் சுற்றி ஈரம், அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. இறுக்கும் வளையம் பாதிதான் திரும்பியிருந்தது. அதைக் கழற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டு வெளியே பிதுங்கி நின்றது. பெட்ரோலில் பல வருடம் ஊறிய ரப்பர் உப்பிவிடும். ஒருமுறை கழற்றினால் பழையபடி உட்காராது, புதிதுதான் போட வேண்டும் என்று விளக்கினார். ஒர்க்‌ஷாப்பில் பழையதையே திணித்திருக்கிறார்கள். டேங்க் பாதியாக இருந்தவரை தெரியவில்லை. நிரப்பியதும் வாய்விளிம்பு வரை தளும்பிக் கசிந்திருக்கிறது.

அடுத்து அவர் காட்டியதைப் பார்த்துத்தான் எனக்குக் கை நடுங்கியது. பம்பின் பிளாஸ்டிக் மூடியைத் துணியால் துடைத்தார். அதில் பத்து பைசா அளவுக்கு ஒரு சிறிய வட்டம் அச்சாகியிருந்தது. சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் 18, மூன்றைக் காட்டும் ஓர் அம்புக்குறி. பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும்போதே மாதத்தையும் வருடத்தையும் இப்படிப் பதிப்பார்களாம். 2018 மார்ச்! வண்டியோடு வந்த அதே பம்ப். 9,800 ரூபாய் வாங்கிக்கொண்டு பம்பை மாற்றவே இல்லை. திறந்திருக்கிறார்கள், மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஃபில்டருக்கு 1,450 போட்டிருக்கிறார்களே என்றேன். இந்த வண்டியில் தனி ஃபில்டரே கிடையாது, அது பம்ப் அசெம்பிளிக்குள்ளேயே இருக்கிறது என்றார். இல்லாத ஒரு பொருளுக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

புது ரப்பர் வளையம் 180 ரூபாய். பையனை அனுப்பி வாங்கிவந்து, டேங்கில் இருந்த பெட்ரோலின் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, பொருத்தி, இறுக்கி, சுற்றிலும் துடைத்து, வாடை அடியோடு போன பிறகுதான் பேட்டரியை இணைத்தார். அதற்குப் பிறகுதான் சத்தத்தின் கதைக்கு வந்தார். முதல் கேள்வி: "எப்போது வருகிறது? நிற்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா, பிரேக் போடும்போதா?"

15,550 ரூபாய் வாங்கியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பச் சொன்னார். பின்னால் ங்ங் என்று இரண்டு விநாடி ரீங்காரம் கேட்டு நின்றது. பம்ப் பெட்ரோலை அழுத்தி வைக்கும் சத்தம் அது. அது இயல்பானது, இப்போதைய பெட்ரோல் கார்களில் பொதுவாக உண்டு. பம்ப் உண்மையிலேயே தேய்ந்தால் இந்த ரீங்காரம் ஊளைபோல ஏறி, ஓடும்போதும் விடாமல் கேட்கும். ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும், மேட்டில் இழுக்காது. சந்தேகம் இருந்தால் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துவிடலாம், ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. அரை டேங்கில் பிரேக் போட்டதும் தளக் தளக் என்றால் பெட்ரோல் அலைவது. பள்ளத்தில் மட்டும் டக் என்றால் சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ், டேங்கைத் தாங்கும் பட்டை, அல்லது பல நேரம் டிக்கியில் கழன்று கிடக்கும் ஜாக்கி. வண்டி நிற்கும்போதே எஞ்சின் அதிர்வோடு சேர்ந்து தகரம் அதிர்ந்தால் சைலன்சர் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு, நீளமான மரக்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு அருகில் படுத்தார். சைலன்சர் குழாயின் சூடு டேங்கில் படாமல் இருக்க இடையில் மெல்லிய தகடு ஒன்று வைத்திருப்பார்கள். குச்சியால் அதை அழுத்தினார். சத்தம் நின்றது. எடுத்தார், வந்தது. மறுபடி அழுத்தினார், நின்றது. என் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, இதுதானே அந்த டப்பா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

போல்ட் துளை துருப்பிடித்துப் பெரிதாகித் தகடு ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஆறிய பிறகு அகலமான வாஷர் வைத்துப் புது போல்ட் போட்டார். தகடே வேண்டாம், பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்களாம். டேங்கைக் காப்பதற்காக இருப்பது, ஒருபோதும் எடுக்கவிடாதீர்கள். மொத்த வேலைக்கும் வாங்கியது 700 ரூபாய். அதற்குப் பிறகு சத்தமும் இல்லை, வாடையும் இல்லை.

திங்கட்கிழமை அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முறுக்கிய ரப்பர் வளையத்தைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். பம்பின் தேதி முத்திரையையும் ஈரத்தையும் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். மேலாளர் படத்தைப் பார்க்காமலேயே, "வெளி ஆளிடம் கொடுத்துப் பிரித்துவிட்டீர்கள், இனி எங்கள் பொறுப்பில்லை" என்றார். மகள் வாந்தி எடுத்ததைச் சொன்னபோதும் அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக எழுதியிருந்தது எனக்கு உதவியது. நீங்களும் மொத்தத் தொகை போட்ட பில்லை வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிந்தேன். பில், படங்கள், தஞ்சாவூர் மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு ஆகியவற்றின் நகல்களோடு பதிவுத் தபாலில் ஒரு நோட்டீசும் அனுப்பினேன். மூன்றாவது வாரம் பம்புக்கும் ஃபில்டருக்குமான 11,250 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. ஒரு வரி மன்னிப்பு இல்லை.

மீதியை விட்டுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் இல்லை. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 4,300 ரூபாய்க்காக மட்டும் அல்ல, டேங்கைத் திறந்துபோட்டு அனுப்பியதற்காக. மனு முடிவாகும் வரை அந்த ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

அதுவரை உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பின்பக்கம் சத்தம் என்று வண்டியைக் கொண்டுபோனால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் கண்முன் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டும் வரை எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். பாகம் மாற்றினால் பழையது கைக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சமீபத்தில் டேங்கைத் திறந்து வேலை பார்த்திருந்தால், இன்றைக்கே பின்சீட்டைத் தூக்கி அந்த மூடியைச் சுற்றி ஈரமோ வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது பாருங்கள், பாதியில் தெரியாது.