இதய வால்வு மாற்றியவர்கள் வீட்டில் ஐ.என்.ஆர். மீட்டர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

46,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, என் அம்மாவின் உயிரையே ஆபத்தில் தள்ளிவிட்டு, இப்போது என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கும் ஒரு விற்பனையாளரைப் பற்றி எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் விளம்பரம் போட்டு எதையும் விற்கக்கூடிய ஓர் இணையச் சந்தையில்தான் அவருடைய விளம்பரம் கண்ணில் பட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். வாங்கும் முன் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் அம்மாவின் இதயத்திலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், அதை எடுத்துவிட்டு செயற்கையான மெக்கானிக்கல் வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அந்த வால்வின் மேல் ரத்தம் உறைந்து படியாமலிருக்க, ஆயுள் முழுவதும் தினமும் மாலையில் அசினோகூமரால் மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். சாதாரணமாக 1 என்ற அளவில் இருக்கும் அது, அம்மாவுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. அதற்குக் கீழே இறங்கினால் வால்வில் உறைகட்டி உண்டாகலாம், அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம். மேலே ஏறினாலோ எங்கே ரத்தம் கசியும் என்று சொல்ல முடியாது. கீரை கூடக்குறைய ஆனாலும், சளிக்கு ஓர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் அந்த எண் மாறும், மாத்திரையும் அரை மில்லிகிராம் கணக்கில் மாறும். மன்னார்குடிப் பக்கம் கிராமத்திலிருந்து மூட்டுவலியோடு மாதந்தோறும் தஞ்சாவூர் ஆய்வகம் வரை பேருந்தில் போய்வருவது அம்மாவுக்குப் பெரும்பாடாக இருந்ததால்தான், விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்தால் ஓரிரு நிமிடங்களில் எண்ணைக் காட்டும் மீட்டரைத் தேடினேன். தரமான மீட்டர்களைப் பல நாடுகளில் நோயாளிகள் வீட்டிலேயே நம்பிப் பயன்படுத்துகிறார்கள். என் கோபம் மீட்டரின் மீது அல்ல.

தொலைபேசியில் அந்த மனிதர் பேசிய விதத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. விலையைப் பற்றி அவர் முதலில் வாயே திறக்கவில்லை. "அம்மாவுக்கு மைட்ரலா, அயோர்ட்டிக்கா அண்ணா? மைட்ரல்னா ரேஞ்ச் கொஞ்சம் கூட வைப்பாங்களே" என்று அவராகவே கேட்டார். தன் அப்பாவுக்கும் வால்வு மாற்றியிருப்பதாகவும், இதே மீட்டரைத்தான் வீட்டில் வைத்திருப்பதாகவும் சொன்னார். பெரிய ஆய்வகம் ஒன்றின் முடிவோடு இந்த மீட்டரை ஒப்பிட்டுச் சரிபார்த்ததாக, முத்திரையும் கையெழுத்தும் உள்ள ஒரு தாளையும் அனுப்பிவைத்தார். வால்வு நோயாளியின் வீட்டில் என்ன பயம் குடியிருக்கும் என்று தெரிந்த ஒருவர் இப்படிப் பேசும்போது எந்தப் பிள்ளைதான் நம்பமாட்டான்? மீட்டருக்கு 34,500, இரண்டு பெட்டி ஸ்ட்ரிப்புக்கு 12,000, ஆக மொத்தம் 46,500 ரூபாய். மருத்துவச் சாதனத்துக்குப் பொருள் வந்த பிறகு பணம் கொடுக்கும் வசதி கிடையாது என்று சொல்லி, முழுத் தொகையையும் யு.பி.ஐ. மூலம் தன் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொன்னார்.

மீட்டர் வந்தது; ஒவ்வொரு முறையும் 2.7, 2.8, 2.9 என்றே காட்டியது. மருத்துவரும் வாட்ஸ்அப்பில் அந்த எண்களைப் பார்த்து அதே அளவு மாத்திரையைத் தொடரச் சொன்னார். சில வாரங்கள் கழித்து அம்மா ஒருநாள், "நெஞ்சுக்குள்ள கேக்குற டிக் டிக் சத்தம் ரெண்டு நாளா மந்தமா இருக்குடா, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது" என்றார். அது வால்வு மூடும் சத்தம். அன்றே தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றோம். ஆய்வகத்தில் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஐ.என்.ஆர். 1.4. அதே நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் எங்கள் மீட்டர் கூசாமல் 2.8 என்றது. எக்கோ என்னும் இதய ஸ்கேனில் வால்வின் ஓரத்தில் சிறிய உறைகட்டி தெரிந்தது. நல்லவேளையாக இரண்டு இதழ்களும் அசைந்துகொண்டிருந்தன. உடனே உள்நோயாளியாகச் சேர்த்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ஏற்றி, மாத்திரையின் அளவையும் கூட்டினார்கள்.

மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்த மருத்துவர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். மீட்டருக்குள் இருந்த தேதி இரண்டு ஆண்டுகள் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. காலாவதியான ஸ்ட்ரிப்பைப் போட்டால் மீட்டர் அதை ஏற்காமல் எச்சரிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பை ஏமாற்றத்தான் தேதியையே மாற்றியிருக்கிறார்கள். ஸ்ட்ரிப் டப்பாவில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்தபோது, அடியில் எப்போதோ முடிந்துபோன காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருந்தது. டப்பாவின் தொகுதி எண்ணும், மீட்டரில் செருகியிருந்த குறியீட்டுச் சில்லின் எண்ணும் வேறு வேறு. ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்போபிளாஸ்டின் என்ற பொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போகக்கூடியது, தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறக்கூடியது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கத்தான் அந்தச் சில்லே இருக்கிறது. இது கவனக்குறைவால் நடந்ததே அல்ல. தெரிந்தே செய்த அயோக்கியத்தனம்.

அதற்குப் பிறகு அந்த விற்பனையாளரிடமிருந்து கிடைத்த பதில்களைக் கேளுங்கள். முதலில், "அம்மா கீரை சாப்பிட்டிருப்பாங்க அண்ணா" என்றார். ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு ரத்தத்துக்கும் கீரைக்கும் என்ன சம்பந்தம்? அடுத்து, ஆய்வகத்துக்கும் மீட்டருக்கும் கொஞ்சம் வித்தியாசம் வருவது சகஜம் என்றார். பிறகு, பிரித்த ஸ்ட்ரிப்பைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, "பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை வந்திருக்கு, நானே வாங்கித் தர்றேன், அதுக்கு மாத்திடுங்க" என்றார். மெக்கானிக்கல் வால்வு உள்ளவர்களுக்கு அந்த வகையைச் சேர்ந்த டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், உறைகட்டி, ரத்தக்கசிவு இரண்டுமே, அம்மாவின் மாத்திரை வகையைச் சேர்ந்த வார்ஃபரினைவிட அதிகமானதால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவுகள் 2013-இல் வெளியாகின. அதே வகையைச் சேர்ந்த அபிக்ஸபானை வைத்துச் செய்த ஆய்வும், உறைகட்டி அதிகமானதால் 2022-இல் பாதியிலேயே நின்றது. தன் அப்பாவுக்கு வால்வு மாற்றியதாகச் சொன்ன மனிதர் பேசுகிற பேச்சா இது?

இணையச் சந்தையோ, பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, விற்பவரையும் வாங்குபவரையும் அறிமுகப்படுத்துவதோடு எங்கள் வேலை முடிந்தது என்று ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. அந்த விளம்பரம் புதிய படங்களோடு மறுபடியும் அங்கே வந்திருக்கிறது. வங்கியில், நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் என்றார்கள். 46,500 ரூபாய் போனது போனதுதான் போலிருக்கிறது. மருத்துவமனைச் செலவு தனி.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு அதற்கு முடியவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் ரசீது தரும் பதிவுபெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். மீட்டரில் உள்ள தேதியையும், டப்பாவின் தொகுதி எண் சில்லின் எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். விற்பவர் காட்டும் ஒப்பீட்டுத் தாளைப் பொருட்படுத்தாமல், உங்கள் ஆய்வகத்திலேயே ஒரே நேரத்தில் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. இப்படிப்பட்டவரிடம் ஏற்கெனவே வாங்கியிருந்தால், அந்த மீட்டர் காட்டும் எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். நாளைக் காலையே ஆய்வகத்துக்குப் போய் ரத்தம் கொடுத்து, முடிவை மருத்துவரிடம் காட்டுங்கள்.