பிரேசில் முத்திரை பதித்த பணத்தாள் செட்: தாள் அருமை, உறை ஆகாது

யாழ்ப்பாண டவுனில் விற்கிற இந்தச் செட்டில் பிரேசிலின் பணவீக்கக் காலப் பணத்தாள்கள்தான் இருக்கின்றன. 1989இல் பண மதிப்பில் மூன்று பூச்சியத்தை வெட்டி, அப்போதைய நாணயமான குருசாடோவின் 1000 தாளில் முக்கோண முத்திரை பதித்து 1 புதிய குருசாடோ ஆக்கினார்கள். எழுத்தாளர் மச்சாடோ டி அசிஸ் படம் போட்ட அந்தத் தாள் மடிப்பில்லாமல், முனை மழுங்காமல் வருகிறது. செட்டின் உயிரே அதுதான். முத்திரை விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ரப்பர் முத்திரை மாதிரி மை பரவியிருந்தால் சந்தேகப்படுங்கள். 1990இல் பதித்த முத்திரை முக்கோணமல்ல, செவ்வகம்.

கூட வருகிற பிவிசி உறைதான் குறை. எங்கட வெக்கையில் அதிலுள்ள இளக்கி (பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கிற பொருள்) கசிந்து, தாள் பிசுபிசுத்துப் பழுதாகும். வாங்கிய கையோடு பொலியெஸ்டர் உறைக்கு மாற்றுங்கள். மாரியில் அல்பப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வையுங்கள். லமினேட் மட்டும் செய்யவே வேண்டாம்.