ஒரே நாளில் யாழ்ப்பாணத்து வரலாற்றுச் சின்னங்கள்: வழிகாட்டியோடு போகும் வான் பயணம் பற்றிய மதிப்பீடு

காலையில் யாழ்ப்பாண நகரிலிருந்து வெளிக்கிட்டு, கோட்டை, நல்லூரிலுள்ள அரசர் காலத்துச் சின்னங்கள், கந்தரோடை, கீரிமலை, சங்கானையிலுள்ள பழைய தேவாலயம் ஆகியவற்றைக் காட்டி, பொழுதுபடும் நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடும் வான் சுற்றுலாக்கள் இப்போது பல நடக்கின்றன. கனடாவிலிருந்து வந்திருந்த என் சின்னம்மாவுக்கும் அவருடைய மகளுக்கும் ஊரை ஒழுங்காகக் காட்டவேண்டும் என்பதற்காக அவற்றுள் ஒன்றிற் பதிந்து நானும் கூடப் போனேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இப்படியொரு பயணம் தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டை மதிலை நாள்தோறும் கடந்து வேலைக்குப் போகும் எங்களிற் பலர் அதன் வாசலுக்குள் கால் வைத்ததில்லை என்பதால், தேவை என்றே சொல்வேன். ஆனால் எந்த வழிகாட்டியோடு போகிறோம் என்பதிலேயே பயணத்தின் பயன் முழுவதும் தங்கியிருக்கிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மூன்று நான்கு பேர் சேர்ந்து கொடுக்கும் தொகை, குளிரூட்டிய வான் ஒன்றைத் தனியே நாள் வாடகைக்கு அமர்த்துவதைவிடச் சற்றுக் கூடுதலாகும். மதியச் சாப்பாடும் தண்ணீர்ப் போத்தல்களும் வழிகாட்டியின் ஊதியமும் அதற்குள் அடக்கம். வான் துப்புரவாக இருந்தது. சாரதி நிதானமாக ஓட்டினார். குறை தொடங்கியது நேரத்தில். பயணிகளை ஒவ்வொரு விடுதியாகப் போய் ஏற்றியதில் காலைப்பொழுதின் பெரும்பகுதி கழிந்துவிட, நிழலே இல்லாத கோட்டைக் கொத்தளத்தில் நாங்கள் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. சின்னம்மா அரைவாசி தூரத்திலேயே திரும்பி வாசல் வளைவின் நிழலில் இருந்துவிட்டார். வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு பயணத்தில் கோட்டையை வெயிலுக்கு முன் முடிக்கத் திட்டமிடாதது பெருங்குறை என்பதை ஏற்பாட்டாளர்களிடம் அன்றே சொன்னேன்.

இனி வழிகாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். சுற்றுலா அதிகாரசபையின் அனுமதி அட்டையைக் கழுத்தில் அணிந்திருந்த ஓர் இளைஞர் அவர். கோட்டைக்குள் நுழைந்ததும் ஆண்டுகளை அடுக்கத் தொடங்காமல், எங்களை மதிலருகே கூட்டிச்சென்று, கல்லின் மீது கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். முருகைக்கல் அது. கடலுக்குள் உயிரோடு வளர்ந்த காலத்தில் அமைந்த நுண்ணிய துளைகளும், பூவிதழ்போல் விரிந்த வரிகளும் கல்லின் முகத்தில் அப்படியே தெரிகின்றன. விரலால் தடவினால் அந்த வரிகளின் விளிம்பு உறுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் கருங்கல் கிடையாது, ஆகவே கடல் தந்ததைக் கொண்டே இவ்வளவு பெரிய கோட்டையை எழுப்பினார்கள் என்று அவர் சொன்னபோது, கட்டடத்தின் கதை அந்த ஒரு கல்லிலிருந்தே விரியத் தொடங்கியது.

1619இல் பிலிப் டி ஒலிவேராவின் தலைமையில் வந்த போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தி, கடலோரத்தில் நாற்சதுரமான கோட்டையொன்றைக் கட்டினர். 1658இல் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பழைய அமைப்பை விட்டுவிட்டு ஐங்கோண வடிவிற் புதிய கோட்டையை எழுப்பினர். அதன் பிரதான பகுதி 1680இலும், அகழிக்கு வெளியேயுள்ள புறக்காப்புகள் 1792இலும் நிறைவடைந்தன. ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். இவ்வளவு காலமும் உழைப்பும் செலவிட்டு முடித்த கோட்டையை மூன்றே ஆண்டுகளில், 1795இல், போரிடாமலே பிரித்தானியரிடம் ஒப்படைத்தனர். இந்தச் செய்திகளைக் கொத்தளத்தின் மூலையில் நின்று, அகழியையும் பண்ணைக் கடலையும் கைகாட்டிச் சொன்னதால், ஐங்கோணம் எதற்கு என்பதும் விளங்கியது: ஒரு கொத்தளத்திலிருந்து பார்த்தால் அடுத்த கொத்தளத்தின் பக்கச்சுவர் முழுவதும் கண்ணுக்கும் பீரங்கிக்கும் எட்டுகிறது, மதிலை அண்டிவரும் எதிரி ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் கிடையாது.

கோட்டையின் வரலாறு ஐரோப்பியரோடுதான் தொடங்குகிறது என்ற எண்ணத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. கோட்டையிலிருந்து சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்ததையும், உள்நாட்டுப் போருக்குப் பின்னர் உள்ளே நடந்த அகழாய்வுகளில் போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட மட்பாண்டங்கள் வெளிப்பட்டதையும், ஆகவே இவ்விடம் முன்பே கடல் வாணிபத்தோடு தொடர்புடையதாக இருந்திருக்கவேண்டும் என்பதையும் எடுத்துச்சொன்னார். 1706இல் சிலுவை வடிவிற் கட்டப்பட்டு, 1990ஆம் ஆண்டு முற்றுகையில் அழிந்துபோன ஒல்லாந்தர் தேவாலயத்தின் இடிபாட்டுக்கு முன்னே நின்றபோது அவர் குரலைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. யார் யாருக்கிடையிற் போர் நடந்தது, எவ்வாறு அழிந்தது, பிற்பாடு நெதர்லாந்து அரசின் உதவியோடு எவ்வளவு புனரமைக்கப்பட்டது என்பவற்றை நேராகச் சொல்லி முடித்தார். வானில் தென்னிலங்கைக் குடும்பமொன்றும் எங்களோடு வந்திருந்தது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் அவர் சொன்னதும் எங்களுக்குத் தமிழிற் சொன்னதும் ஒன்றாகவே இருந்ததா என்று கூர்ந்து கேட்டேன், ஒன்றாகவே இருந்தது. ஒரு வழிகாட்டியை நான் மதிப்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

பொதுநூலகத்துக்கு ஒதுக்கிய நேரம் போதவே போதாது. சரஸ்வதி சிலைக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு புறப்படும் அளவுக்குத்தான் நேரம் இருந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச்சுவடிகளோடும் எரிக்கப்பட்டு, 2003இல் மீண்டும் திறக்கப்பட்ட ஓர் இடத்தை வாசலோடு முடித்துவிடுவது முறையாகாது. உள்ளே போய் வாசிப்பு மண்டபத்தில் மாணவர்கள் இருந்து படிப்பதைப் பார்த்தால்தான் அந்தக் கட்டடம் இன்று என்னவாக இருக்கிறது என்பது வருபவர்களுக்குத் தெரியும்.

நல்லூரில் இவ்வழிகாட்டியின் திறமை முழுமையாக வெளிப்பட்டது. எங்களூரிற் கல்லை விடக் கதை கூட; கதையைக் கல்லென்று சொல்லி விற்கும் வழிகாட்டிகளும் உண்டு. முத்திரைச் சந்தியில், வாளேந்திக் குதிரைமீதிருக்கும் சங்கிலிய மன்னனின் சிலைக்கு அருகே வானை நிறுத்தி, 1619இல் தோற்ற அரசன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டதையும், இச்சிலை 1974இல் முதலில் நிறுவப்பட்டுப் பின் 2011இல் புதிதாக அமைக்கப்பட்டதையும் வேறுவேறாகச் சொன்னார். அதன் பின்னர் சங்கிலியன் தோப்பு வாசல் வளைவு, மந்திரிமனை, யமுனா ஏரி என்று நடந்தே போனோம். மந்திரிமனையின் மரத்தூண்களிலுள்ள செதுக்கு வேலையைப் பார்த்துவிட்டு, கனடாவில் பிறந்த தங்கச்சி "இதில எந்த மந்திரி இருந்தவர்?" என்று கேட்டாள். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "தங்கச்சி, மந்திரி இருந்த இடம் எண்டு ஊர் சொல்லுது. ஆனா முகப்பில இருக்கிற வளைவுகளைப் பாருங்கோ, அது வெள்ளைக்காரர் வந்த பிறகு வந்த பாணி. இடம் பழசா இருக்கலாம், நாங்கள் பாக்கிற கட்டடம் அவ்வளவு பழசில்லை." மன்னர் காலத்து மாளிகை என்று சொல்லிப் படமெடுக்க விட்டிருந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும். அவர் அந்த வழியிற் போகவில்லை.

'ப' வடிவிலுள்ள யமுனா ஏரிக் கேணியிலும் அவ்வாறே. யமுனை நதியின் நீரைக் கொண்டுவந்து அரசன் இதிற் கலந்தான் என்பது மரபுக்கதை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, கேணியின் படிகளையும் அமைப்பையும் காட்டினார். கந்தசுவாமி கோயிலின் கதையைத் தொகுத்துச் சொன்ன விதம் இன்னும் சிறப்பு. ஆதிக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தது, அது முத்திரைச் சந்தியில் இன்று சென் ஜேம்ஸ் தேவாலயம் நிற்கும் பகுதியில் இருந்ததாகக் கொள்ளப்படுவது, இப்போதைய கோயிலை 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் 'குருக்கள் வளவு' என்ற இடத்தில் அமைத்தது என வரிசைப்படுத்திய பின், கோயிலிற் கூறப்படும் கட்டியம் என்ற புகழுரையில் புவனேகபாகுவின் பெயர் இன்றும் வருகிறது என்பதையும் சொன்னார். தென்னிலங்கையின் கோட்டே இராச்சியத்து அரசனுக்காக 1450இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய சப்புமல் குமாரயன்தான் அந்தப் புவனேகபாகு என்று பலர் கருதுவதையும், அவன் கட்டினானா, புதுப்பித்தானா என்பதில் ஆய்வாளரிடையே உடன்பாடில்லை என்பதையும் ஒளிக்காமற் கூறினார். தென்னிலங்கைக் குடும்பத்துப் பெரியவர் அதைக் கேட்டு மேலும் கேள்விகள் கேட்க, அங்கே வெயிலையும் மறந்து நெடுநேரம் உரையாடல் நடந்தது.

ஒரு குறை: நல்லூர்த் தொல்லியல் அருங்காட்சியகம் நாவலர் வீதியில், கோயிலிலிருந்து வானிற் சில நிமிடத் தொலைவில்தான் இருக்கிறது, இந்தப் பயணத்தில் அதற்கு இடமில்லை. காலையிற் கேட்டவற்றுக்கெல்லாம் பொருட்களாகச் சான்று காட்டக்கூடிய இடத்தை விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டின் பின் பனம்பொருட்களும் நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் விற்கும் கடையொன்றில் நீண்ட நேரம் நிறுத்திவைத்தார்கள். வேண்டியதை வாங்க விரும்புபவர்கள் மாலையில் திருநெல்வேலிச் சந்தைக்கோ பெரியகடைக்கோ போய் வாங்குவார்கள். சாப்பாடு வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு, நன்றாக இருந்தது.

கந்தரோடையில் ஒரு வளவுக்குள், பனைகளின் நடுவே, பல அளவுகளிலான சிறு பௌத்தத் தூபிகள் நெருக்கமாக நிற்கின்றன. இவையும் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக்கல்லாலும் ஆனவை. போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டளவில் இங்கு அகழாய்வு நடத்தினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வு, பௌத்தத்துக்கு முந்திய பெருங்கற்காலப் பண்பாட்டு மக்கள் இவ்விடத்தில் வாழ்ந்ததைக் காட்டியது. இது தமிழருடைய இடமா, சிங்களவருடைய இடமா என்ற வாதம் எல்லோர் மனதிலும் இருக்கும் இடம் இது. தமிழர்களும் பௌத்தர்களாக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதையும், தூபிகளைக் கட்டியவர்களின் மொழியை இக்கற்கள் மட்டும் சொல்லிவிடா என்பதையும், தூபிகளுக்குக் கீழேயுள்ள மண்ணடுக்குகள் இன்னும் பழமையானவை என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். ஒருவரையும் புண்படுத்தாமல், அதற்காக ஒன்றையும் மறைக்காமற் பேசுவது எளிதான காரியமன்று. அதை அவர் செய்தார்.

கீரிமலையில் கடலுக்கு அருகிலேயே நன்னீர் சுரக்கும் கேணியைப் பார்த்தோம். குளிக்க விரும்புபவர்கள் மாற்றுடுப்புக் கொண்டுவரவேண்டும் என்பதை முற்கூட்டியே யாரும் சொல்லவில்லை. குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் ஐதீகத்தை வழிகாட்டி சுவையாகச் சொன்னார், ஐதீகம் என்று சொல்லியே.

கடைசியாகச் சங்கானை. கூரையிழந்த தேவாலயச் சுவர்களுக்குள் நாங்கள் நின்ற நேரம் மிகச் சொற்பம், கடையில் இழந்த நேரத்தின் விலை அது. ஆயினும் ஒல்லாந்தப் பாதிரியாரான பால்டேயஸ் 1672இல் அச்சிட்ட நூலிலுள்ள சங்கானைத் தேவாலயப் படத்தின் பிரதியொன்றை அவர் தம் பையிலிருந்து எடுத்து, எஞ்சியிருக்கும் வளைவோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தந்தார். சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். இந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்து ஊரிற் பிறந்தவர் அவர். இதற்கு முன் இதற்குள் வந்ததில்லையாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பணம் கட்டுவதற்கு முன் வழிகாட்டி யார், அனுமதி பெற்றவரா, தமிழில் விளக்குவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறொரு நாளில் வேறொருவர் வந்தால் நான் சொன்ன எதுவும் பொருந்தாமற் போகலாம். நகருக்குள் இருப்பவர்கள் விடுதி விடுதியாகச் சுற்றாமல் நேரே கோட்டை வாசலுக்கு வந்து சேர்வதாகச் சொல்லி, கோட்டையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போவதைத் தவிர்த்து அருங்காட்சியகத்தைச் சேர்க்கும்படி கேட்டால், ஐந்தாறு பேர் ஒரே குழுவாகப் போகும்போது இணங்குகிறார்கள் என்று அறிகிறேன். குடையும் தொப்பியும் அவசியம். கோயிலுக்குள் போகும் ஆண்கள் மேலாடையைக் களையவேண்டும் என்பதால் வேட்டியொன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது. நெடுந்தீவும் கடற்கோட்டையும் இந்தப் பயணத்தில் இல்லை, அவற்றுக்குத் தனியே நாள் வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுவதால், அக்காலத்தில் வருபவர்கள் நல்லூர்ப் பகுதியை நடந்து பார்க்க ஆயத்தமாக வரவேண்டும்.