கடல் அகார் 2216 பொடி: நிறமிப் பாக்டீரியா தேடுபவர்களுக்கு ஏற்றதா?

பினாங்கில் கடல் பாக்டீரியாவின் நிறமிகளையும் அவை கிருமியைக் கொல்லுமா என்பதையும் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுப்பவர்கள் முதலில் வாங்க வேண்டிய சாமான் இந்தப் பொடிதான். நீரில் கரைத்துத் தட்டில் ஊற்றினால் பாக்டீரியா வளர்க்கும் ஊடகமாக உறையும். கடல் நுண்ணுயிரியலாளர் க்ளாட் ஸோபெல் 1941-இல் வெளியிட்ட வாய்ப்பாட்டை ஒட்டியதே இன்றும் டப்பாவில் இருக்கிறது. லிட்டருக்குப் பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 1 கிராம், ஃபெரிக் சிட்ரேட் 0.1 கிராம், உறைய வைக்கும் அகார் 15 கிராம். மிச்சமெல்லாம் கடல் உப்புகள். நிறுவனத்தைப் பொறுத்து லிட்டருக்கு 55 கிராமுக்குச் சற்று மேல் போட வேண்டும். 500 கிராம் டப்பாவில் 9 லிட்டர் வரும். தட்டுக்கு 20 மில்லி ஊற்றினால் 450 தட்டு. ஒருவருக்கு இது அதிகம், இருவர் பங்கு போடலாம்.

பங்கு போடும்போது மூடியை உடனே இறுக்குங்கள். மேக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் நம்மூர்க் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பொடியைக் கட்டியாக்கிவிடும். கட்டிப்போன பொடியை நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கிறோம். அகார் குறைந்து தட்டு கொழகொழவென்று இருக்கும்.

கரைத்து, கலக்கியபடி ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யுங்கள். அடியில் வண்டல் படியும். பொடி கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், இந்த ஊடகத்தின் இயல்பே அது. ஊற்றுமுன் குமிழி வராமல் சுழற்றிக் கலக்கினால் போதும். கலக்காமல் ஊற்றிய கடைசித் தட்டுகளில் வண்டல் புள்ளிகளைக் காலனி (பாக்டீரியாக் கூட்டம்) என்று எண்ணிவிட நேரும்.

நிறத்தை வெளிக்கொண்டுவருவதில் பொடி நன்றாகவே வேலை செய்கிறது. குளுக்கோஸ் இல்லாதது ஒரு காரணம்: செராட்டியா போன்ற பாக்டீரியாவில் குளுக்கோஸ் புரோடிஜியோசின் என்னும் சிவப்பு நிறமியின் உற்பத்தியைத் தடுக்கும். வெப்பநிலையை 28 டிகிரியில் வையுங்கள். 37-இல் செராட்டியா வெளுத்துவிடும். 48 மணி நேரத்தில் தட்டுகளைத் தூக்கி எறிவதுதான் பலரும் செய்யும் தவறு. மெதுவாக வளரும் காலனிகளில் நிறம் ஏற ஒரு வாரம்கூட ஆகலாம். வெளிச்சம் படாமல் வையுங்கள், புரோடிஜியோசின் ஒளியில் சிதையும். மாதிரி எடுக்கத் தெலுக் பாஹாங் பக்கம் போனால் வெறும் கடல்நீரோடு திரும்பாதீர்கள். நிறமி தரும் கடல் பாக்டீரியாக்களான சூடோஆல்டெரோமோனாஸ் இனங்கள் கடற்பாசி, பஞ்சுயிரி போன்றவற்றின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்பவை. தேசியப் பூங்கா எல்லைக்குள் எடுக்க அனுமதி வேண்டும்.

ஊடகமே மஞ்சள் நிறம் என்பது ஒரு குறை. ஊதாவும் சிவப்பும் பளிச்சென்று தெரியும், வெளிர் மஞ்சள் காலனி தப்பிவிடும். தட்டுக்கு அடியில் வெள்ளைத்தாள் வையுங்கள். மஞ்சளையெல்லாம் கிருமிக்கொல்லி என்று நம்பவும் வேண்டாம், பெரும்பாலும் அது கேரட்டில் இருப்பதுபோன்ற கரோட்டினாய்டு நிறமி. 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் செம்பழுப்பானால் அது ஃப்ளெக்ஸிருபின் என்னும் வேறு வகை மஞ்சள் நிறமி.

கிருமியைக் கொல்லும் திறனை இதே அகாரில் சோதிப்பதுதான் பெரிய தவறு. இதிலுள்ள மேக்னீசியமும் கால்சியமும் ஜென்டாமைசின் போன்ற ஒப்பீட்டு மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். அதற்கு முல்லர்-ஹின்டன் அகாரை 4 மில்லிமீட்டர் தடிமனில் ஊற்றி, 0.5 மெக்ஃபார்லண்ட் அளவு (கலங்கலை வைத்துக் கிருமி எண்ணிக்கையைக் கணிக்கும் அளவு) கிருமி பூசி, நிறமி ஊறிய காகித வட்டை மேலே வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வையுங்கள். நிறமியைப் பிரித்தெடுத்த மெத்தனால் மட்டும் ஊறிக் காய்ந்த வட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவுக்கு மதிப்பில்லை. புரோடிஜியோசினும் வயலசீன் என்னும் ஊதா நிறமியும் நீரில் கரையத் தயங்கும். வட்டிலேயே தங்கிவிடுவதால், சுற்றிலும் கிருமி வளராத வளையம் சிறிதாகவே வரும். அதைப் பார்த்துத் திறன் இல்லை என்று எழுதிவிடாமல், குழித்தட்டில் நிறமியைத் திரவத்தில் படிப்படியாக நீர்த்துக் கிருமியோடு சேர்த்துப் பார்க்கும் சோதனையும் செய்யுங்கள். அங்கே நிறமியின் சாயம் கலங்கல் அளவீட்டைக் குழப்பும் என்பதால், குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்துத் தட்டில் விட்டு உயிருள்ளவற்றை எண்ணுவதே நம்பகம். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் கிருமிகள் பொதுவாக எளிதில் மடியும், ஈ.கோலை லேசில் மசியாது.

பணம் இடித்தால் வடிகட்டிய கடல்நீர் 750 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 250 மில்லி, மேற்சொன்ன அளவில் பெப்டோன், ஈஸ்ட் சாறு, அகார் என்று நீங்களே கலக்கலாம். முதல் தேடலுக்கு இது போதும். மழைக்குப் பிறகு கரையோர நீரின் உப்பளவு மாறுவதால், இறுதி அளவீடுகளுக்குப் பொடிதான் சரி.

வாங்குமுன் காலாவதித் தேதியைப் பாருங்கள். டப்பாவைக் குலுக்கினால் பொடி தடையின்றி ஓட வேண்டும். உள்ளே கட்டி உருண்டால் வேறு டப்பா கேளுங்கள்.