பவர் பிரஸ் பாதுகாப்புக் கருவிகள்: எது விரலைக் காக்கும், எது காட்சிக்கு?

அம்பத்தூரிலும் கோவையிலும் தகட்டை அச்சில் (டையில்) அடித்து வெட்டும் பவர் பிரஸ் வைத்திருக்கும் சிறு பட்டறைகளுக்கு விற்க வருகிறவர்கள் மூன்று பொருள்களைக் காட்டுவார்கள்: கை குறுக்கே வந்தால் ஒளிக்கதிரால் கண்டுபிடிக்கும் லைட் கர்ட்டன், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும் டூ ஹேண்ட் பட்டன், டையை மூடும் டை கார்டு. விலையும் பளபளப்பும் இதே வரிசையில்தான் இறங்கும். ஆனால் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது உங்கள் பிரஸ்ஸின் கிளட்ச்சை, அதாவது சுழலும் சக்கரத்தை அடிக்கும் பகுதியோடு இணைக்கும் அமைப்பை.

பழைய சி-பிரேம் ('C' வடிவச் சட்டம் கொண்ட) பிரஸ்களில் பல பின் (pin) கிளட்ச் வகை. பெடலை மிதித்ததும் பின் என்ற முளை, சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு கோத்துக்கொள்ளும். முழுச் சுற்று முடியாமல், இறங்கி அடிக்கும் பகுதியான ரேம் நிற்காது. இதில் லைட் கர்ட்டன் மாட்டுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. கை உள்ளே போனதைக் கருவி சரியாகவே கண்டுபிடிக்கும். ஆனால் நிறுத்துவதற்கு வழியில்லை. பச்சை விளக்கு எரிகிறதே என்று ஆள் துணிந்து கை வைப்பான் என்பதால், ஒன்றும் இல்லாததைவிட இது மோசம்.

டூ ஹேண்ட் பட்டனும் இங்கே ஏறக்குறைய அப்படித்தான். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக்கில் ஓடும், பின் கோக்க ஒரே இடமுள்ள பிரஸ்ஸில், பட்டனை அழுத்தியதிலிருந்து ரேம் அடிவரை இறங்க அதிகபட்சம் 1.5 வினாடி ஆகலாம். கை நகரும் வேகம் வினாடிக்கு 1.6 மீட்டர் என்று வைத்தால், பட்டன் டையிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். யார் அப்படி வைப்பார்கள்? 120 ஸ்ட்ரோக்கானாலும் 1.2 மீட்டர் வேண்டும்.

ஆக, பின் கிளட்ச்சுக்கு டை கார்டுதான். டையைச் சுற்றித் தகடோ கம்பி வலையோ அடைத்து, தகட்டு ஸ்ட்ரிப் நுழைய மட்டும் வாய் விடுவது. வாய் 6 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பெரிதாக்கினால் டையிலிருந்து தூரமும் கூட்ட வேண்டும். விங் நட் போட்ட கார்டை வாங்காதீர்கள், ஒரே ஷிஃப்டில் மூலைக்குப் போய்விடும். ஸ்பேனர் இல்லாமல் கழலாத போல்ட்டாக இருக்கட்டும். ஒவ்வொரு டைக்கும் தனி கார்டு வேண்டும் என்பதும், தனித்தனித் துண்டாகக் கையால் வைக்கும் ஜாபுக்கு துண்டை வெளியே வைத்து உள்ளே தள்ளும் ஸ்லைடு ஃபீட் சேர்க்க வேண்டும் என்பதும் இதன் குறைகள். உள்ளூர் ஃபேப்ரிகேஷன் கடையிலேயே செய்து வாங்கலாம்.

மிதிக்காமலே ரேம் இரண்டாவது முறை இறங்குவதையும் கார்டுதான் தாங்கும். பின்னை வெளியே தள்ளும் லாட்ச் தேய்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ அது நடக்கும். அங்கே இழுவை ஸ்பிரிங் இருந்தால் அமுக்க ஸ்பிரிங்காக மாற்றுங்கள். உடைந்தாலும் கொஞ்சமாவது தள்ளும்.

காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் கிளட்ச் பிரஸ் என்றால் கதை வேறு, ரேமைப் பாதி வழியிலேயே நிறுத்தலாம். லைட் கர்ட்டன் உண்மையிலேயே வேலை செய்யும். டைப் 4 (பாதுகாப்பில் உயர்ந்த வகை), விரலுக்கு 14 மி.மீ. ரெசல்யூஷன் (கண்டுபிடிக்கும் மிகச் சிறிய பொருளின் அளவு) கேளுங்கள். கருவியும் பிரஸ்ஸும் சேர்ந்து நிற்க 150 மில்லி வினாடி என்றால் டையிலிருந்து 300 மி.மீ. தூரம் வேண்டும். மலிவாகச் சொல்லும் 30 மி.மீ. வகைக்கு இன்னும் 128 மி.மீ. கூட்ட வேண்டும். பிரேக் லைனிங் தேய்ந்து நிற்கும் நேரம் 200 மில்லி வினாடி ஆனால் 300 மி.மீ. போதாது, 400 வேண்டும். எனவே நிற்கும் நேரத்தை அளந்து காட்டாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். பக்கவாட்டைத் தகட்டால் அடைக்க மறக்காதீர்கள். டூ ஹேண்ட் பட்டனில், இரண்டையும் 0.5 வினாடிக்குள் அழுத்தினால்தான் ஓடும் ரிலே இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பட்டன் இரண்டை வரிசையில் இணைத்துத் தருவார்கள். ஒன்றில் குச்சி செருகினால் முடிந்தது.

கார்டு இருந்ததா, இல்லையா என்பது விபத்துக்குப் பின் பணக் கணக்காகிறது. 'அவனே கழற்றினான்' என்பதுதான் முதலாளியின் முதல் பதில். வேண்டுமென்றே கழற்றியதாக நிரூபிக்க வேண்டியவர் அவர். உயிரிழப்பு, முழு நிரந்தர ஊனம் என்றால் அந்த வாதம் எடுபடாது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி உழைப்புத் திறனில் 11 சதவீத இழப்பு, கட்டை விரல் முழுதும் போனால் 30. 25 வயது, மாதம் 15,000 ரூபாய்க் கூலி என்றால் அதில் 60 சதவீதமான 9,000 × வயதுக்கான காரணி 216.91 × 11% = சுமார் 2,14,740 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) உள்ளவருக்கு இந்த மொத்தத் தொகை கிடையாது. ஓய்விலிருக்கும் காலத்துக்கு 90 சதவீதக் கூலி, பிறகு மருத்துவக் குழு சொல்லும் சதவீதப்படி மாதத் தொகை. அதற்குச் சந்தா கட்டிய கால நிபந்தனை இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் விபத்துக்கும் உண்டு. இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறையில் 'ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு' என்றால், உரிய அதிகாரியிடம் பதிவாகாத அந்த ஒப்பந்தம் முதலாளியை மீதித் தொகையிலிருந்து விடுவிக்காது.