வர்றேன்னு சொல்லிட்டு வராதவங்க: ஆன்லைன்ல பழைய சாமான் வித்த அனுபவம்

2017ல இருந்து வீட்டு சாமானை ஆன்லைன்ல வித்துட்டு வர்றேன், சிலதை சும்மாவும் குடுத்திருக்கேன். முதல்ல குரோம்பேட்டை, அப்புறம் மேடவாக்கம், இப்ப தாம்பரம் பக்கம். ஒவ்வொரு தடவை வாடகை வீடு மாறும்போதும் ஏதாவது மிஞ்சும், ஃப்ரிட்ஜ், கட்டில், கம்ப்யூட்டர் டேபிள், பையனோட சைக்கிள், தொட்டில், பொண்ணோட நீட் புக்ஸ், கடைசியா எங்க ஸ்கூட்டர். ஆப் எப்படி இருக்கு, போட்டோ ஏத்துறது ஈஸியான்னு எல்லாம் நான் எழுதப் போறதில்ல, எல்லா ஆப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். வாங்க வர்ற ஆளுங்களைப் பத்தித்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். விலை கம்மியா கேட்டாங்கன்னு எனக்கு வருத்தமே கிடையாது, பழைய சாமானுக்கு விலை இறங்கத்தான் செய்யும். விக்கிறவங்களுக்கும் வேலை இருக்கு, வீடு இருக்கு, அவங்க நேரமும் நேரம்தான்னு எதிர்ல இருக்கிறவங்களுக்குத் தோணவே தோணாது பாருங்க, அதுதான் தாங்க முடியல.

விளம்பரம் போட்ட பத்து நிமிஷத்துல மெசேஜ் வர ஆரம்பிக்கும். "இருக்கா?" "இருக்குங்க." அவ்வளவுதான், அதோட அந்த ஆள் காணாம போயிடுவார். நிறைய ஆப்ல அந்தக் கேள்வி ரெடிமேடா ஒரு பட்டனாவே இருக்கு, சும்மா விரல் பட்டாலே போயிடும், ஆனா நம்ம ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து பதில் டைப் பண்ணணும். அடுத்த ரகம் "லாஸ்ட் எவ்வளவு?" சாமானைப் பார்க்கல, எந்த வருஷம் வாங்கினதுன்னு கேக்கல, வீடு எங்கன்னு கேக்கல, நேரா லாஸ்ட் எவ்வளவு. நான் அளவு, வாங்கின வருஷம், எங்க கீறல் இருக்கு, எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கா, எல்லாத்தையும் விளம்பரத்துலயே எழுதிடுவேன், கீறலைத் தனியா கிட்டக்க போட்டோ எடுத்தே போடுவேன். அப்படி இருந்தும் ஒருத்தர் வீட்டுக்கு வந்து அதே கீறலைத் தடவிப் பார்த்து "இதை நீங்க சொல்லவே இல்லையே மேடம்"னு ஆயிரம் ரூபா குறைக்கச் சொன்னார். போட்டோவை எடுத்துக் காட்டினேன். "நான் பார்க்கல"ன்னார். பார்க்காதது அவர், ஆயிரம் ரூபா போகணும்னா எனக்குப் போகணும்.

நம்பர் போட்டா பொம்பளைங்களுக்கு வேற ஒரு தொல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல "ஹாய்", "தூங்கிட்டீங்களா", "டிபி நல்லா இருக்கு". டேபிளைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது. இப்ப விளம்பரத்துல என் நம்பர் வர்றதே இல்ல, ஆப்ல இருக்கிற சாட் மட்டும்தான், ஆள் கிளம்பி வர்ற அன்னைக்கு வீட்டுக்காரர் நம்பர் குடுப்போம், அட்ரஸும் அப்பத்தான். இது எங்களுக்குக் கொஞ்சம் வியாபாரத்தைக் குறைக்குது, தெரியும், ஆனா நிம்மதியா தூங்குறேன்.

எப்ப விக்கிறோம்ங்கிறதும் முக்கியம். சென்னைல செகண்ட் ஹேண்ட் ஏசி மார்ச், ஏப்ரல்ல போட்டா அன்னைக்கே ஆள் வரும், அதே ஏசியை நவம்பர் மழைல போட்டா ஒரு நாதி கேக்காது. ஆயுத பூஜை, தீபாவளி சமயத்துல ஆன்லைன் கம்பெனிங்க பெரிய ஆஃபர் போடுவாங்க, அப்ப "புதுசே இந்த ரேட்டுக்குக் கிடைக்குதே"ன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவாங்க. சரி, அப்ப புதுசே வாங்கிக்கோங்களேன், எனக்கு ஏன் அனுப்பணும்? மாசக் கடைசி அதைவிட மோசம். வாடகை வீட்டுல இருக்கிறவங்க பெரும்பாலும் ஒண்ணாம் தேதிக்குள்ள காலி பண்ணணும், வாங்கி விக்கிற வியாபாரிங்களுக்கு அது நல்லாத் தெரியும். "வீடு காலி பண்றோம், அவசரம்"னு எழுதிட்டீங்கன்னா 29, 30 தேதி வரைக்கும் இழுத்தடிச்சு பாதி விலைக்கு வருவாங்க. வியாபாரம் பண்றது தப்பில்ல, பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல போனா வியாபாரின்னு தெரிஞ்சுதானே பேசுறோம். இங்க மட்டும் "எங்க வீட்டு யூஸ்க்குத்தான்கா, புதுசா கல்யாணம் ஆயிருக்கு"ன்னு சொல்லி வாங்கிட்டுப் போய் அடுத்த நாளே என் போட்டோவையே வச்சு டபுள் ரேட்டுக்கு விளம்பரம் போட்டதைப் பார்த்தேன். கல்யாணம்னு சொன்னதால இறக்கிக் குடுத்த விலை அது.

ஃப்ரிட்ஜ் கதையைச் சொல்லணும். டபுள் டோர், நல்லா ஓடிட்டு இருந்தது, வந்தவர் முன்னாடியே ஆன் பண்ணி ஐஸ் பிடிக்கிறதைக் காட்டினோம், பணமும் குடுத்துட்டார். குட்டியானை, அதான் சின்ன லோடு வண்டி, கொண்டு வந்தாங்க, ஏத்தும்போது நிக்க வச்சே கொண்டு போங்கன்னு சொன்னேன், படுக்க வச்சா கம்ப்ரசர்ல இருக்கிற ஆயில் பைப்புக்குள்ள போயிடும். "நாங்க பார்த்துக்குறோம்"னு சொல்லிட்டு கண்ணு முன்னாடியே படுக்க வச்சு கயிறு கட்டினாங்க. சாயந்தரம் போன். கூலிங்கே இல்ல, ரிப்பேர் ஃப்ரிட்ஜைத் தலைல கட்டிட்டீங்க, பணத்தைத் திருப்பிக் குடுங்க, இல்லன்னா வீட்டுக்கு வருவோம்னு ஒரே சத்தம். இறக்கின உடனே ப்ளக்கை சொருகியிருக்காங்க. அதைப் பிடுங்கி வச்சுட்டு ராத்திரி பூரா நிக்க வச்சுட்டு காலைல ஆன் பண்ணுங்கன்னு சொன்னேன். அடுத்த நாள் போன் இல்ல, அதுக்கு அடுத்த நாளும் இல்ல. நானே மனசு கேக்காம கூப்பிட்டா "ஆங், ஓடுது"ன்னு வச்சுட்டார். முந்தின நாள் அவ்வளவு பேச்சு பேசினவர் கிட்ட இருந்து அந்த ஒரு வார்த்தை தானா வந்திருக்கலாம். ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின் விக்கிறவங்களுக்கும் இதோட ஒண்ணு சொல்லிடறேன், புதுசுல வந்த ட்ரான்சிட் போல்ட் இருந்தா மாட்டி அனுப்புங்க, இல்லன்னா போற வழில டிரம் ஆடி கெட்டுப் போகும், பழி உங்க மேல வரும்.

ஆனா காசுக்கு வித்ததைவிட சும்மா குடுத்ததுலதான் எனக்கு வலி ஜாஸ்தி. பிறந்த குழந்தைக்கு முதல்ல பழைய துணிதான் போடுவோம், ஒரு வீட்டுத் தொட்டில் எத்தனையோ வீடு சுத்தும், இது நம்ம ஊர்ல காலங்காலமா நடக்கிறதுதானே. அந்த நினைப்புலதான் தொட்டில், வாக்கர், சின்னச் சின்ன சட்டைங்க எல்லாத்தையும் துவைச்சு வெயில்ல காய வச்சு மடிச்சு ஃப்ரீன்னு போட்டேன். குவிஞ்சது மெசேஜ். "டெலிவரி பண்ணுவீங்களா?" "ஆட்டோ காசு நீங்க குடுத்துருங்க." "போரூர் வரைக்கும் கொண்டு வந்து குடுத்தா வாங்கிக்கிறேன்." ஒரு அம்மா ரொம்ப உருக்கமா பேசினாங்க, அவங்களுக்குன்னு எடுத்து வச்சுட்டு கேட்ட மத்தவங்க எல்லார்கிட்டயும் ஆள் வந்தாச்சுன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்னாங்க, வெளிய ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியதை விட்டுட்டு காத்திருந்தோம், வரல. போன் பண்ணா எடுக்கல. அடுத்த வாரம் "சாரிக்கா, இந்த வாரம் கண்டிப்பா". அந்த வாரமும் இல்ல. நடுவுல நிஜமாவே தேவைன்னு கேட்டவங்களுக்கு இல்லன்னு சொல்லிட்டோமேன்னுதான் எனக்கு மனசு ஆறல. வேணாம்னா வேணாம்னு ஒரு வரி போட்டா யாரும் கோச்சுக்கப் போறதில்ல. வர முடியலன்னா வர முடியலன்னு காலைலயே சொன்னா இன்னொரு குழந்தைக்கு அந்தத் தொட்டில் போயிருக்கும். கடைசில எங்க தெரு முனைல இஸ்திரி போடுறவரோட பொண்ணுக்குக் குழந்தை பிறந்தது தெரிஞ்சு அங்க குடுத்தோம், அரை மணி நேரத்துல எடுத்துட்டுப் போனாங்க.

அதுக்கப்புறம் சும்மா குடுக்கிறதை நான் ஆன்லைன்ல போடுறதே இல்ல. பக்கத்து வீடு, வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, ஸ்கூல் அம்மாக்கள் க்ரூப், இவங்க மூலமா கேட்டுத்தான். சிலபேர் நூறு இருநூறு ரூபான்னு சின்னதா விலை போட்டா சும்மா கேக்கிறவங்க குறைவாங்கன்னு சொல்வாங்க, அது ஓரளவுக்கு உண்மைதான், ஆனா நிஜமா கஷ்டப்படுற ஒருத்தங்க அந்த நூறைப் பார்த்து ஒதுங்கிடக் கூடாதுன்னு எனக்கு ஒரு எண்ணம்.

ஏமாத்துறவங்களைப் பத்தி எல்லாருக்கும் இப்ப தெரியும்னு நினைக்கிறோம், இன்னும் விழுந்துட்டுதான் இருக்காங்க. அடையாளம் சிம்பிள், பேரமே பேச மாட்டான். டேபிளை நேர்ல பார்க்கக்கூட வேணாம், போட்ட விலையே ஓகே, "ஆர்மில இருக்கேன், ட்ரான்ஸ்ஃபர்ல வர்றேன், எங்க வண்டி வந்து எடுத்துக்கும், பணம் இப்பவே போடுறேன்"னு யூனிஃபார்ம் போட்டோ, ஐடி கார்டு எல்லாம் அனுப்புவான். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு வரும், ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் வந்துரும்பான். யுபிஐ-ல பணம் வாங்குறதுக்கு பின் தேவையே இல்ல, பின் போட்டீங்கன்னா உங்க அக்கவுன்ட்ல இருந்து பணம் போகுதுன்னு அர்த்தம், இதை வீட்டுல பெரியவங்களுக்கு திரும்பத் திரும்ப சொல்லி வைங்க. முன்னாடி பணம் கேக்கிற ரிக்வெஸ்ட்டை நம்ம போனுக்கு அனுப்பி அமுக்க வைப்பாங்க, ஆளுக்கு ஆள் அந்த மாதிரி அனுப்புறதை 2025 அக்டோபர்ல இருந்து யுபிஐ-யை நடத்துற என்பிசிஐ நிறுத்திருச்சு, ஆனா க்யூஆர் வித்தை நிக்கல. இன்னொண்ணு, 5000க்குப் பதிலா 50,000 போட்டுட்டேன் மீதியைத் திருப்பி அனுப்புங்கன்னு ஒரு எஸ்எம்எஸ் காட்டுவான், அது பேங்க் அனுப்பினதே இல்ல, சாதா நம்பர்ல இருந்து வந்திருக்கும். நேர்ல வர்றவங்க காட்டுற "பேமென்ட் சக்ஸஸ்" ஸ்க்ரீனையும் நம்பாதீங்க, நம்ம பேங்க் ஆப்ல பேலன்ஸ் ஏறினதுக்கப்புறம்தான் பொருள் வாசலைத் தாண்டணும். பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கு.

நல்லவங்களும் வந்திருக்காங்க, அதைச் சொல்லலன்னா பாவம். நீட் புக்ஸ் வாங்க செங்கல்பட்டுல இருந்து ஒரு பையன் எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல வந்தான். கிளம்பும்போது ஒரு மெசேஜ், தாம்பரம் இறங்கினதும் ஒரு மெசேஜ். வந்து ஒவ்வொரு புக்கா புரட்டிப் பார்த்துட்டு "இந்த ரெண்டு எங்கிட்ட இருக்கு ஆன்ட்டி, வேற யாருக்காவது குடுங்க"ன்னு எடுத்து வச்சுட்டான். எல்லாத்தையும் ஒரே விலைக்குத்தான் பேசியிருந்தோம், அவன் எடுத்துட்டுப் போயிருக்கலாம். என் பொண்ணு எழுதி வச்ச நோட்ஸையும் சேர்த்துக் குடுத்துட்டா.

ஸ்கூட்டர் விக்கும்போதுதான் ரொம்ப அலைஞ்சோம். நான் ஆரம்பத்துலயே சொல்லிட்டேன், ஆர்சி-ல பேர் மாத்தினதுக்கு அப்புறம்தான் வண்டி. பேர் மாத்துறதுக்கான ஃபாரம் 29, 30 ரெண்டும் ரெடியா வச்சிருந்தோம். வந்தவங்கள்ல பாதிப் பேர் "கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்கக்கா, நாங்க பொறுமையா மாத்திக்கிறோம்"னாங்க. மாத்தலன்னா சிக்னல் தாண்டின ஃபைன் நம்ம போனுக்கு வரும். அதாவது பரவாயில்ல, விபத்து ஆச்சுன்னா? 2018ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல தெளிவாவே சொல்லியிருக்கு, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்சி-ல யார் பேர் இருக்கோ அவங்கதான் சட்டப்படி ஓனர், நஷ்ட ஈடு பொறுப்பும் அவங்களுதுன்னு. அது போக வித்தவங்களும் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. இதை விளக்கிச் சொன்னா "இவ்வளவு சந்தேகப்பட்டா எப்படி மேடம்"னு ஒருத்தர் கோவிச்சுட்டுப் போனார். இன்னொருத்தர் அட்வான்ஸ் குடுக்குறேன்னு நாள் சொல்லி சொல்லியே ரெண்டு மூணு வாரம் இழுத்தார், அதுக்குள்ள கேட்டவங்க வேற வண்டி பார்த்துட்டாங்க.

கடைசியா பல்லாவரத்துல மளிகைக் கடை வச்சிருக்கிற ஒருத்தர் வந்தார். மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து ஓட்டிப் பார்த்தார், பின் டயர் தேஞ்சிருக்குன்னு நியாயமா ஆயிரத்து ஐநூறு குறைக்கச் சொன்னார், குறைச்சோம். பேர் மாத்துற செலவு அவரோடதுன்னு அவரே சொன்னார், வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு ஆர்டிஓ ஆபீஸ் வந்தார். பேர் மாறினது பரிவாகன்ங்கிற அரசு வெப்சைட்ல தெரிஞ்ச அன்னைக்கு சாயந்தரம் மீதிப் பணத்தைப் போட்டுட்டு, ஏறிடுச்சான்னு என்னைப் பார்க்கச் சொல்லிட்டு, ரெண்டு சாவியையும் வாங்கிட்டுப் போனார்.