கொழுந்து என்று அடித்தால் கொழும்பு வரக்கூடாது

போனில் தமிழ் அடிக்கச் சிரமப்படுகிற நம்ம தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செல்லினம் செயலியைப் போட்டு, அதில் தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

பட்டன் போன் காலத்தில் சொல்லை ஊகித்துக் காட்டிய டி9 ஞாபகம் இருக்கும். டெஜிக் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது. 2 முதல் 9 வரை எட்டே பட்டன், அதற்குள் 26 ஆங்கில எழுத்து. 4663 என்று அழுத்தினால் 'குட்' ஆகவும் இருக்கலாம், 'ஹோம்' ஆகவும் இருக்கலாம். அகராதியைப் பார்த்து அதுவே ஊகிக்கும். ஆங்கிலத்துக்கு அருமையான ஏற்பாடு. நாம் ஆங்கில எழுத்தில் 'வாரேன்' என்று அடித்தால் அகராதியில் அப்படி ஒரு சொல் இருக்காதே, அதனால் அதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு தரம் மூன்று தரம் அழுத்திக்கொண்டிருந்தோம்.

டச் போன் வந்தும் அந்தக் குறை முழுசாகத் தீரவில்லை. என் போனோடு வந்த கீபோர்டில் தேயிலைக் கொழுந்தை அடிக்க 'கொழு' வரை போனாலே கொழும்பு வந்து நிற்கிறது, ஸ்பேஸைத் தட்டினால் கேட்காமலே மாற்றியும் விடுகிறது. 'அம்மா கொழும்பு எடுக்கப் போயிட்டாங்க' என்று செய்தி போனால் படிப்பவர் என்ன நினைப்பார்? பெரட்டு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்), அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) எதுவும் அதற்குத் தெரியாது. சொற்களை மட்டும் அடுக்கிவைத்தால் தமிழுக்குப் போதாது. கொழுந்தை, கொழுந்துக்கு, கொழுந்தெடுக்க, கொழுந்தெடுத்தவங்களுக்கு என்று ஒரு சொல்லே வளர்ந்துகொண்டு போகும்.

தமிழ்99 இங்கேதான் கைகொடுக்கிறது. உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம். க, ஒ, ழ, உ, ந, த, உ என்று ஏழு தட்டு தட்டினால் கொழுந்து வந்துவிடும். ந-வுக்குப் பின்னால் த வந்தால் புள்ளி தானாக விழும், அம்மாவுக்கும் அ, ம, ம, ஆ போதும். ஊகிப்பு தவறினாலும் உங்களுக்கு நட்டமில்லை, சொல்லை முழுசாக அடித்தாலே சீக்கிரம் முடிந்துவிடும். பழக மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும், எழுத்தைத் தேடித் தேடி ஆரம்பத்தில் எரிச்சல் வரும்.

செல்லினத்தைச் செய்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன், 2005இல் பட்டன் போனிலேயே தமிழ்க் குறுஞ்செய்திக்காகக் கொண்டுவந்தார்.

எந்தக் கீபோர்டை வைத்திருந்தாலும் சரி, செட்டிங்ஸில் தானாகத் திருத்துவதை நிறுத்திவிட்டு, மேலே சொல் காட்டுவதை மட்டும் விட்டுவையுங்கள்.